டபுள் பேஸில் ஜாஸ்: எந்தச் சுரத்துக்கு எந்த விரல்?

"பத்து வருடம் பேஸ் கிட்டார் வாசித்துவிட்டு ஒரு வருடமாக டபுள் பேஸ் பழகுகிறேன். எஃப் புளூஸ் மெதுவாக வாசித்தால் சரியாக வருகிறது, வேகம் கூடினால் இடது கை தடுமாறுகிறது. சிமாண்டிலின் டபுள் பேஸ் பாடப் புத்தகம் ஒரு விரலைச் சொல்கிறது, காணொளிகளில் வேறு விரல். விரல் வைத்து அழுத்தாமல் ஓபன் தந்தி வாசிப்பது கற்றுக்குட்டி வேலை என்று ஒருவர் சொன்னார். ஜாஸ் பாட்டுக்கு ஃபிங்கரிங்கை, அதாவது எந்தச் சுரத்தை எந்த விரலில் வாசிப்பது என்பதை, எப்படித்தான் முடிவு செய்வது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பேஸ் கிட்டாரில் உங்களுக்குப் பழகிப்போன "ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல்" வழக்கத்தை முதலில் கீழே வைத்துவிடுங்கள். பேஸ் கிட்டாரின் தந்தி நீளம் பொதுவாக 86 சென்டிமீட்டர். டபுள் பேஸில் ஏறக்குறைய 105. கழுத்தின் உச்சியில் முதல் அரைச்சுரம் மட்டுமே கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் அகலம். அங்கே நான்கு விரலையும் நான்கு அரைச்சுரத்தில் வைக்கப் பார்த்தால் கை 16 சென்டிமீட்டர் விரிய வேண்டும். சிலரால் முடியும், ஆனால் மணிக்கணக்கில் வாசித்தால் கை வலிக்கும், சுருதியும் விலகும். அதனால்தான் கீழ்ப் பொசிஷன்களில், அதாவது கழுத்தின் உச்சிப் பக்கம் கை நிற்கும் இடங்களில், ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று 1-2-4 வைக்கிறோம். மோதிர விரல் சுண்டுவிரலுக்குத் துணையாகக் கூடவே அழுத்தும். ஒரு பொசிஷனில் கை எட்டுவது ஒரு முழுச்சுரம், அவ்வளவுதான்.

வியன்னாவில் கற்பித்த சிமாண்டில் (1840–1912) முறைப்படுத்தியது இந்தக் கையைத்தான். கையின் வடிவத்துக்கு அவரை நம்பலாம். ஆனால் அவர் மனதில் இருந்தது வில்லால் வாசிக்கும் இசைக்குழுக் கலைஞர். விரலால் மீட்டி, நான்கு அடியும் நடந்துகொண்டே போகும் வாக்கிங் பேஸுக்கு எந்தத் தந்தியில் எப்போது இடம் மாறுவது என்ற கேள்விக்கு அந்தப் புத்தகத்தில் விடை தேட வேண்டாம்.

என் பதில் இதுதான்: ஃபிங்கரிங்கைப் பின்னாலிருந்து முடிவு செய்யுங்கள். அடுத்த கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தின்) முதல் அடியில் எந்தச் சுரம், அதற்குப் பிறகு வரி எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலில் பாருங்கள். அங்கே கை எந்த நிலையில் இறங்க வேண்டுமோ அதைத் தீர்மானித்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி விரல்களை அடுக்குங்கள். வேகத்தில் தடுமாறும் பெரும்பாலோர் கையில் இருக்கும் சுரத்துக்கு வசதியான விரலை எடுத்துவிட்டு, அடுத்த பாரில் (அடுத்த நான்கு அடியில்) மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் எஃப் புளூஸையே எடுத்துக்கொள்வோம். தந்திகள் தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. முதல் பார் எஃப்7 கார்டு, இரண்டாவது பார் பி ஃப்ளாட்7 கார்டு. முதல் பாரில் எஃப், ஏ, சி, டி என்று நடந்து பி ஃப்ளாட்டில் இறங்குகிறீர்கள். ஈ தந்தியில் எஃப் 1ஆம் விரல், ஏ ஓபன், ஏ தந்தியில் சி 4ஆம் விரல், டி ஓபன், பிறகு ஏ தந்தியில் பி ஃப்ளாட் 1ஆம் விரல். ஐந்து சுரம் வந்துவிட்டது, கை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. எவ்வளவு வேகமானாலும் இது நிற்கும்.

இப்போது இரண்டாவது பாரில் மேலே ஏற வேண்டும், ஜி தந்தியில் பி ஃப்ளாட், சி, டி என்று. கை கழுத்தின் உச்சியை ஒட்டிய அரைப் பொசிஷனில் இருப்பதால் அந்த பி ஃப்ளாட் சுண்டுவிரலுக்குச் சுலபமாகக் கிடைக்கும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சுண்டுவிரலில் இறங்கினால் அடுத்த சி-க்கு விரல் மிச்சமில்லை. முதல் அடி முடிந்த கையோடு அவசரமாகத் தாவ வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் வழி தெரியும்: சி 4ஆம் விரலில் வர வேண்டும், அப்படியானால் பி ஃப்ளாட் 1ஆம் விரலில். அதற்குக் கை தரையை நோக்கிச் சுமார் 11 சென்டிமீட்டர் கீழே நகர வேண்டும். எப்போது நகர்வது? முதல் பாரின் நான்காவது அடியில், ஓபன் டி ஒலித்துக்கொண்டிருக்கும்போது. நிமிடத்துக்கு 200 அடி வேகத்தில்கூட உங்களுக்கு 0.3 விநாடி இருக்கிறது, இடது கை முழுக்கச் சும்மா இருக்கிறது. அதே டி-யை ஏ தந்தியில் அழுத்தி வாசித்திருந்தால், நகர்வதற்காக அந்தச் சுரத்தைப் பாதியில் வெட்ட வேண்டியிருக்கும். வாக்கிங் வரியில் சுரத்துக்குச் சுரம் இடைவெளி விழுந்தால் நடையே போய்விடும்.

ஆக, ஓபன் தந்தி கற்றுக்குட்டி வேலை இல்லை. அது இடம் மாறக் கிடைக்கும் நேரம். சுருதியைச் சரிபார்த்துக்கொள்ளவும் அதுதான் நம்பகமான துணை. அதில் இரண்டு குறை உண்டு. விட்டால் அடுத்த சுரத்தின் மேலும் ஒலித்துக்கொண்டே இருக்கும், அதனால் அடுத்த சுரம் பிறக்கும் கணத்தில் இடது கை விரலால் லேசாகத் தொட்டு அடக்கப் பழக வேண்டும். வைப்ராட்டோவும் (விரலை அசைத்துச் சுரத்தை அலையச் செய்வதும்) கொடுக்க முடியாது, எனவே மெதுவான பாலட்டில் நீண்டு நிற்கும் சுரத்துக்கு நான் ஓபன் தந்தியைத் தொடுவதில்லை.

அப்புறம், எல்லா ஸ்கேலிலும் இந்த வசதி கிடையாது. டி ஃப்ளாட் மேஜரில் ஓபன் தந்தியின் சுரம் ஒன்றுகூட இல்லை. அங்கே ஓபன் தந்தியே இல்லாத மூடிய கை வடிவங்கள்தான் கதி. அதற்கு நல்ல பயிற்சி, 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவு செய்த 'சோ வாட்'. பால் சேம்பர்ஸ் அதில் முக்கிய மெட்டையே பேஸில் வாசிக்கிறார். 16 பார் டி-யில் தொடங்கும் டோரியன் ஸ்கேல், 8 பார் அதே ஸ்கேல் அரைச்சுரம் மேலே ஈ ஃப்ளாட்டில், பிறகு 8 பார் மறுபடி டி. டி பகுதியை ஓபன் தந்திகளோடு பழகிவிட்டால் ஈ ஃப்ளாட்டில் எல்லா விரலும் மாறும், ஒலியின் நிறமும் மாறும். நான் மாணவர்களிடம் ஈ ஃப்ளாட் பகுதியை முதலில் படிக்கச் சொல்வேன். அது கையில் உட்கார்ந்த பிறகு, அதே வடிவத்தை அரைச்சுரம் இறக்கினால் டி. இரண்டையும் வாசித்துக் கேட்டுவிட்டு, டி-யில் ஓபன் தந்தியின் முழக்கம் வேண்டுமா என்று காதால் முடிவு செய்யுங்கள்.

பாலட்டில் மெட்டு வாசிக்கும்போது கணக்கே வேறு. அங்கே வசதியை விட நிறம் முக்கியம். ஜி தந்தியில் எளிதாகக் கிடைக்கும் சி-யை டி தந்தியில் மேலே போய் வாசித்தால் ஒலி தடித்து, இருண்டு வரும். ஒரு சொற்றொடர் முழுவதையும் ஒரே தந்தியில் வைத்தால் பாடுவது போல் கேட்கும். அதற்காக இரண்டு ஷிஃப்ட் (கை இடம் மாறுவது) கூடினாலும் பரவாயில்லை.

ஷிஃப்ட் செய்யும்போது எந்த விரலில் இறங்குவது? சுருதி மேலே ஏறும் வரியில் 1ஆம் விரலில், இறங்கும் வரியில் 4ஆம் விரலில். போகிற திசையில் மற்ற விரல்கள் தயாராகக் காத்திருக்கும். இறங்கும் சுரத்தை மனதில் கேட்டுவிட்டு நகருங்கள். கழுத்தை அழுத்திப் பிடித்த கட்டைவிரலோடு நகர்ந்தால் கை எப்போதும் தாமதமாகத்தான் வந்து சேரும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு அப்பால் சுண்டுவிரல் விலகிவிடும், கட்டைவிரல் தந்தி மேல் ஏறும். அது தனிப் பாடம், புளூஸ் வாக்கிங்குக்கு இப்போது தேவையில்லை.

ஒரு ஃபிங்கரிங்கை ஏற்றுக்கொள்ளும் முன், அந்த இரண்டு பாரை மட்டும் உண்மையான வேகத்தில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மெதுவான வேகத்தில் எந்த விரலும் வேலை செய்யும், அதை நம்பி ஒரு வாரம் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம். தாளில் எல்லாச் சுரத்துக்கும் விரல் எண் எழுத வேண்டாம். கை இடம் மாறும் சுரத்துக்கு மட்டும் பென்சிலால் எண்ணும் தந்தியும் குறியுங்கள். ஜாஸில் வரி ஒவ்வொரு சுற்றிலும் மாறும், எழுதிய எண்கள் துணைக்கு வராது. அதனால் எஃப்7-இலிருந்து பி ஃப்ளாட்7-க்குப் போகும் அந்த இரண்டு பாரை, கீழே தங்கும் வழி, மேலே ஏறும் வழி என்று இரண்டு விதமாகவும் மெட்ரோனோமோடு மாற்றி மாற்றி வாசியுங்கள். இரண்டும் யோசிக்காமல் வந்த பிறகு, ஐந்தாவது பாரில் வரும் பி ஃப்ளாட்டுக்கு அதையே செய்யுங்கள்.