காற்றின் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் கல்லூரியில் கடல்சார் பண்பாட்டுக்கென்று இரண்டாண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கவிருக்கிறோம். நெய்தல் இலக்கியம், சோழர் கடற்படை, காலனியத் துறைமுகங்கள், கடற்சட்டம் ஆகியவற்றோடு, இறுதிப் பருவத்தில், மே மாதம் பத்து நாள் கள ஆய்வு. முதல் தாளாக இலக்கியத்தை வைப்பதா, வரலாற்றை வைப்பதா?

ஒரு விரிவுரையாளர், சென்னை

அன்புள்ள விரிவுரையாளருக்கு,

கடலுக்கு ஒரு கலைப்படிப்பு வேண்டும் என்று எண்ணினீர்களே, அந்த மனத்துக்கு என் வணக்கம். ஆனால் உங்கள் வரைவைப் படித்தபோது கோபம் வந்தது. இராசேந்திரனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்புக்கு ஓர் அலகையே ஒதுக்கிய நீங்கள், கட்டுமரத்துக்கோ, சென்னையில் துறைமுகம் கட்டப்படுமுன் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுக்கோ ஒரு வரிகூடத் தரவில்லை. கடற்சட்டத்தைச் சட்டக் கல்லூரி பார்த்துக்கொள்ளட்டும்.

நான் முதுகலை படித்தபோது, அடையாற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில், விடியுமுன் ஒரு பெரியவரோடு கட்டுமரம் ஏறினேன். நெய்தல் பாடல்கள் பல எனக்கு மனப்பாடம். "இப்போ அடிக்கிறது என்ன காத்து, தம்பி?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வாடை என்றால் பிரிந்திருக்கும் தலைவியை வாட்டுவது என்று மட்டுமே படித்திருந்தேன். அவர் என் கண்ணை மூடச் சொல்லி, காற்று எந்தக் காதில் படுகிறது என்று கேட்டுக் கேட்டு, வடக்கிலிருந்து வரும் வாடையையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலையும் மேற்கிலிருந்து வரும் கச்சானையும் பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோலப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். என் ஆய்வேட்டில் அவரை ஆசிரியர் என்று நான் எழுதவில்லை; பின்னிணைப்பில் 'தகவலாளர்' என்று குறித்தேன். அந்தச் சொல் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதே பிழையைத்தான் உங்கள் பத்து நாள் கள ஆய்வும் செய்கிறது. அதிலும் மே மாதத்தில்! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் என்பதைக் குப்பத்தில் யாரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்களே. மீனவரைத் தேடிப்போய்ப் பேட்டி எடுக்காதீர்கள்; அவரை ஆசிரியராக அமர்த்துங்கள். விதி இடம் தராது என்று சொல்லாதீர்கள். துறையில் 15 ஆண்டு அனுபவமுள்ள தேர்ந்தவரைப் பட்டம் கேளாமல் பேராசிரியராக அமர்த்த வழிசெய்யும் நெறிமுறையைப் பல்கலைக்கழக மானியக் குழுவே 2022இல் வெளியிட்டிருக்கிறது. நாற்பது ஆண்டு கடலோடியவருக்கு வேறென்ன தகுதி வேண்டும்? துறைமுகத் தாளையும் அவரே தொடங்கட்டும். தென்மேற்குக் காற்று மாதங்களில் மணல் வடக்கே நகர்வதையும், துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்று, வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் கரையை இழந்ததையும், வீடு போன இடத்தைக் கைகாட்டி அவரால் விளக்க முடியும். அவருக்கு மற்றப் பேராசிரியர்களுக்குத் தரும் அதே ஊதியத்தைத் தாருங்கள். பாடத்திட்டக் குழுவில் வாக்கும் தாருங்கள்.

முதல் தாளைக் கேட்டிருந்தீர்கள். உங்கள் முதல் பருவம் ஜூலையில் தொடங்கும். அப்போது கச்சான் வீசிக்கொண்டிருக்கும். வகுப்பை விடியற்காலை நான்கு மணிக்குக் கரையில் வையுங்கள்.