நெலியன் ஏற விரல் பலம் போதும், நேரம்தான் போதாது

வாசகர் ஒருவரின் கேள்வி இது. இரண்டு வருடமாக ஜிம் சுவரில் ஏறுகிறார், நடுத்தரக் கடினமான 6பி தரம் வரை லீட் செய்கிறார், அதாவது கயிற்றை மாட்டிக்கொண்டே முதல் ஆளாக ஏறுகிறார். போன ஆகஸ்டில் கிளிமஞ்சாரோ உச்சிக்கு நடந்து போய் வந்திருக்கிறார். வரும் டிசம்பரில் நண்பர் ஒருவருடன் கென்யா மலையின் நெலியன் சிகரத்தில் கயிறு கட்டி ஏற ஆசை, முடிந்தால் அப்படியே அதே மலையின் மிக உயர்ந்த சிகரமான பேட்டியனுக்கும். "விரல் பலத்தை இன்னும் கூட்ட என்ன பயிற்சி செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறார்.

விரல் பலத்தை விட்டுவிடுங்கள், அது உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நெலியனின் தென்கிழக்கு முகத்தில் போகும் வழக்கமான பாதை, உங்கள் 6பியைவிட வெகு எளிதான நான்காம் தரத்தைச் சுற்றியே இருக்கும். 1929ல் ஷிப்டனும் வின் ஹாரிஸும் முதன்முதலில் அந்த உச்சிக்குப் போனபோது இன்றைய ரப்பர் ஷூவும் கிடையாது, பாறைப் பிளவில் செருகிக் கயிற்றை மாட்டும் கேம் என்ற கருவியும் கிடையாது. அங்கே ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் கடிகாரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்துக்கு மேற்பட்ட பிட்ச்கள், அதாவது ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறி முடிக்கும் பகுதிகள், பதினாறு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பிட்சுக்கு 45 நிமிடம் எடுத்தால், ஜிம்மிலிருந்து நேராகப் பாறைக்கு வரும் ஜோடி சாதாரணமாக எடுக்கும் நேரம் அது, மொத்தம் 12 மணி நேரம். மலை இருப்பது பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், வருடம் முழுக்கப் பகல் வெளிச்சமே ஏறக்குறைய 12 மணி நேரம்தான். உச்சியைத் தொடும்போது இருட்டிவிடும், இறக்கம் இன்னும் தொடங்கியிருக்காது. அதே பிட்ச் 25 நிமிடத்தில் முடிந்தால் ஏழு மணி நேரத்துக்குள் மேலே இருப்பீர்கள். பல நாட்களில் மதியத்துக்குள் மேகம் ஏறிவந்து பாறையை மூடிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 20 நிமிடம் எங்கே போகிறது? ஏறுவதில் போவதில்லை. ஆங்கர் கட்டுவது (பாறையில் இருவரையும் தாங்கும் பிடிமானம்), கயிற்றைச் சிக்கெடுப்பது, கேமையும் பிளவில் செருகும் நட் என்ற உலோக ஆப்பையும் கைமாற்றுவது, அடுத்த பிட்ச் எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டு நிற்பது, இதில்தான் போகிறது. அதனால் பயிற்சியும் இதற்குத்தான் வேண்டும். உங்கள் எல்லைக்கு இரண்டு படி கீழே உள்ள, பல பிட்ச் கொண்ட ஒரு பாறையைப் பிடியுங்கள். ஹெல்மெட், முதுகில் ஐந்து கிலோ பை, பாறையில் நிரந்தரமாக அடித்த போல்ட் இல்லாத இடத்தில் நீங்களே வைக்கும் பாதுகாப்பு, இப்படி நாளுக்குப் பத்து பிட்ச் ஏறி, ஏறிய வழியிலேயே ராப்பல் செய்து, அதாவது கயிற்றில் தொங்கியபடி சறுக்கி, இறங்குங்கள். கூடவே நேரத்தை எழுதி வையுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனால் விரல் பலத்துக்கான ஹேங்போர்ட் பலகையில் தொங்கும் மூன்று மாதத்தைவிட இப்படிப் போகும் ஆறு வார இறுதிகள் உங்களுக்கு நிறையத் தரும்.

இறக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1970ல் கெர்ட் யுட்மையர் என்ற ஆஸ்திரிய மருத்துவர் பேட்டியன் உச்சியை அடைந்துவிட்டு, இறங்கத் தொடங்கிய இடத்தில் ஒரு பாறை பெயர்ந்து விழுந்தார், கால் எலும்பு முறிந்து வெளியே வந்தது. அவரைக் கீழே கொண்டுவர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது, அவருடைய ஊரிலிருந்து மீட்புக் குழுவே விமானத்தில் வர வேண்டியிருந்தது, அந்த முயற்சியில் ஹெலிகாப்டர் விமானி ஒருவர் இறந்தும் போனார். யுட்மையர் பிழைத்துக்கொண்டார். ஏறுவதில் கைதேர்ந்த ஆட்களுக்கு நடந்தது இது. ஒவ்வொரு ராப்பலிலும் கயிற்று முனைகளில் முடிச்சு, கீழே புருசிக் (கை நழுவினாலும் கயிற்றை இறுகப் பிடிக்கும் சுருக்கு முடிச்சு), எடையைப் போடும் முன் ஆங்கரை இருவரும் தனித்தனியாகப் பார்ப்பது, இவை களைப்பிலும் கை தானாகச் செய்யும் பழக்கமாக வேண்டும். நீளமாக ஒரே வீச்சில் இறங்க ஆசைப்படாதீர்கள், இழுக்கும்போது கயிறு மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் போய்விடும்.

அப்புறம் உயரம். போன வருடக் கிளிமஞ்சாரோ இப்போது உதவாது, உடம்பு பழகியது சில வாரங்களிலேயே கலைந்துவிடும். நெலியன் 5,188 மீட்டர். அங்கே கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதியைவிடச் சற்றே அதிகம்தான் கிடைக்கும். கென்யா மலையில் உள்ள ஆபத்து, நைரோபியிலிருந்து கிளம்பி இரண்டே நாளில் 4,200 மீட்டருக்குப் போய்விட முடியும் என்பதே. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொது விதி. நாரோ மோரு பாதையில் 3,050ல் உள்ள மெட் ஸ்டேஷனுக்கு அடுத்த தங்குமிடமே 4,200ல் உள்ள மெக்கின்டர் முகாம். அதனால் கீழே இரண்டு இரவு, மெக்கின்டரில் மூன்று இரவு, பிறகு 4,790ல் உள்ள ஆஸ்திரியன் ஹட் என்ற குடிலில் இரண்டு இரவு வையுங்கள். ஏறும் நாளுக்கு முன்பு கயிறு இல்லாமலே நடந்து எட்டக்கூடிய பக்கத்துச் சிகரமான லெனானா முனைக்கு, 4,985 மீட்டர், நடந்து போய் வாருங்கள். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் நடக்கக் கால் தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே இறங்குங்கள்.

பழைய வழிகாட்டி நூல்கள் ஹட்டிலிருந்து லூயிஸ் பனியாற்றைக் கடந்து பாறையடிக்குப் போகச் சொல்லும். அந்தப் பனியாறு இன்று பெருமளவு உருகிப்போய்விட்டது, மிச்சம் நிறையக் கல்லும் சரளையும்தான். அதனால் முந்தின நாள் பகலிலேயே பாறையடிவரை போய், முதல் பிட்ச் எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள், இருட்டில் தேடாதீர்கள். உள்ளூர் வழிகாட்டி வைப்பதாக இருந்தால், நான் வைக்கத்தான் சொல்வேன், நெலியனில் எத்தனை முறை லீட் செய்திருக்கிறார் என்று கேளுங்கள். லெனானாவுக்கு நடத்திக் கூட்டிப்போகிறவர் வேறு, இவர் வேறு. காப்பீட்டுப் பத்திரத்தில் கயிற்று ஏற்றமும் 5,000 மீட்டருக்கு மேலான உயரமும் அடங்கியிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

ஷூ அரை அளவு பெரிதாக இருக்கட்டும், மெல்லிய சாக்ஸோடு. நிழலில் பாறை பனிக்கட்டிபோல் சில்லிட்டிருக்கும், ஜிம்மில் போடுவதுபோல் இறுக்கமாகப் போட்டால் விரல்கள் மரத்துவிடும்.

பேட்டியனை இந்த முறை விடுங்கள். நெலியனைவிட 11 மீட்டர்தான் உயரம், ஆனால் இடையில் உள்ள பிளவில் இறங்கி ஏறி, திரும்பவும் அதேபோல் வர வேண்டும், பெரும்பாலும் மேலேயே ஓர் இரவு தங்க நேரும். நெலியன் உச்சியில் இயன் ஹவல் 1970ல் கட்டிய சின்னத் தகரக் கூடு அதற்குத்தான். அது இருக்கிறது என்று நம்பித் தாமதமாகக் கிளம்பாதீர்கள்.

மாதம் டிசம்பர் வேண்டாம், சிறு மழைக்காலத்தின் வால் நீளலாம். ஜனவரி கடைசி, பிப்ரவரி நல்லது, அப்போது சூரியன் தெற்குப் பக்கம் இருப்பதால் நீங்கள் ஏறும் முகம் காய்ந்திருக்கும். டிக்கெட் போடும் முன், பத்து பிட்ச் ஏறி இறங்கிய நாளின் நேரக் கணக்கை எனக்கு எழுதுங்கள். சராசரி 30 நிமிடத்துக்கு மேல் போனால் அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம்.