சைக்கிள் மீட்டர் காட்டும் வேகம் எவ்வளவு சரி?

கேள்வி: என் சைக்கிளில் 23 மில்லிமீட்டர் அகல டயரை எடுத்துவிட்டு 28 மில்லிமீட்டர் டயர் போட்டேன். அதன் பிறகு நண்பரோடு இணையாகச் செல்லும்போது அவருடைய கருவி மணிக்கு 30 கிலோமீட்டர் காட்டினால், என்னுடையது 29.4 மட்டுமே காட்டுகிறது. கருவி பழுதாகிவிட்டதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. வேகம் தவறாகத் தெரிகிறது என்று எழுதும் வாசகர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது ஒன்றுதான்: தவறு எப்போதும் ஒரே விகிதத்தில் வருகிறதா, அல்லது திடீர் திடீரென்று தாவுகிறதா? ஒரே விகிதத்தில் வந்தால் கருவியில் பதிந்த எண்ணைப் பாருங்கள். தாவினால் சென்சாரைப் பாருங்கள். உங்களுடையது முதல் வகை.

சக்கரத்தின் ஆரக்கம்பியில் பொருத்திய காந்தம், ஃபோர்க்கில் உள்ள சென்சாரை ஒரு சுற்றுக்கு ஒரு முறை கடக்கிறது. கருவிக்குத் தெரிவது அந்தக் கடத்தல் மட்டுமே. ஒரு சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு தூரம் உருள்கிறது என்பதை நாம்தான் மில்லிமீட்டரில் பதிந்து தர வேண்டும். அந்தச் சுற்றளவைச் சுற்றுக்கு ஆன நேரத்தால் வகுத்து அது வேகத்தைச் சொல்கிறது. பொதுவான அட்டவணைகளில் 700×23 டயருக்கு 2096 என்றும் 700×28 டயருக்கு 2136 என்றும் இருக்கும். பழைய எண்ணை மாற்றாமல் விட்டிருந்தால் கருவி ஏறக்குறைய 2 சதவீதம் குறைத்தே சொல்லும். உண்மையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 29.4 என்று காட்டும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஆனால், இதை வைத்து நண்பருடைய கருவி மிகச் சரியானது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவரும் அட்டவணையைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணைப் பதிந்தவராகவே இருப்பார்.

அட்டவணை எண் ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரே அளவு அச்சிட்ட டயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று வேறுபடும். அகலமான ரிம்மில் அதே டயர் வேறு வடிவம் எடுக்கும். காற்று குறைந்தால் நம் எடையில் சக்கரம் இன்னும் கொஞ்சம் அமுங்கும். டயரின் மேற்பரப்பு 1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே சுற்றளவு 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதாவது 0.3 சதவீதம் குறைந்துவிடும். ஆகவே உருட்டி அளப்பதே நல்லது. வழக்கமான அளவுக்குக் காற்றடித்து, சென்சார் உள்ள சக்கரத்தின் வால்வு தரைக்கு நேர் கீழே வரும்படி நிறுத்தி, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே, இன்னொருவர் பிடித்துக்கொள்ள, நேர்கோட்டில் 5 சுற்று உருட்டி, வால்வு மீண்டும் கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டு, இடைத் தூரத்தை 5-ஆல் வகுங்கள். ஒரே சுற்றில் 1 சென்டிமீட்டர் பிசகினால் அரை சதவீதம் தவறு. 5 சுற்றில் அதே பிசகு 0.1 சதவீதமாகச் சுருங்கிவிடும். உட்காராமல் தள்ளிக்கொண்டு போய் அளப்பவர்களே அதிகம்; அவர்களுடைய கருவி சற்றே கூடுதலாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

உறுதியாகத் தெரிந்த தூரம் ஒன்று கிடைத்தால் அளவு நாடாவே வேண்டாம். பதிந்திருக்கும் எண்ணை உண்மைத் தூரத்தால் பெருக்கி, கருவி காட்டும் தூரத்தால் வகுத்தால் புதிய எண் வந்துவிடும். 2096 பதிந்த கருவி 10 கிலோமீட்டரை 9.8 என்று காட்டினால், புதிய எண் 2139. சிலர் 400 மீட்டர் ஓடுதளத்தில் சுற்றிப் பார்க்கிறார்கள். அங்கே கவனம் தேவை: அந்த 400 மீட்டர் முதல் தடத்தின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்த தூரம். அந்தக் கோட்டைவிட 1 மீட்டர் வெளியே தள்ளி ஓட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் 6.3 மீட்டர் கூடிவிடும்; அந்த ஒன்றரை சதவீதப் பிழையையும் சேர்த்தே கருவியில் ஏற்றிவிடுவீர்கள்.

கேள்வி: சாதாரணச் சாலையில் மெதுவாகத்தான் போகிறேன். ஆனாலும், அதிகபட்ச வேகம் மணிக்கு 97 கிலோமீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. சில சமயம் வேகம் பாதியாக விழுந்து, உடனே பழைய நிலைக்கு வருகிறது. சுற்றளவைச் சரிபார்த்துவிட்டேன்.

பதில்: சுற்றளவுத் தவறு இப்படித் தாவாது. உங்கள் சென்சார் எண்ணிக்கையைத் தவறவிடுகிறது அல்லது இல்லாத எண்ணிக்கையைச் சேர்க்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 4 முறை சுற்றும். அதில் ஒரு கடத்தல் தவறினால் ஒரு சுற்றுக்கு ஆன நேரம் இரட்டிப்பானதாகக் கருவி எண்ணி வேகத்தைப் பாதியாக்கும். ஒரே கடத்தல் இரண்டாக எண்ணப்பட்டால் வேகம் எகிறும். பாதியாக விழுவதும் திடீரென்று எகிறுவதுமான இந்தத் தாவல்களே நோயைக் காட்டிக்கொடுக்கின்றன.

பல சென்சார்களுக்குள் இருப்பது ரீட் சுவிட்ச். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள், காந்தம் அருகில் வந்தால் ஒட்டிக்கொண்டு, விலகினால் பிரியும். காந்தம் தொலைவில் இருந்தால் ஒட்டாது. ஆரக்கம்பியில் சரிந்துபோய்ச் சென்சாரின் குறிக்கு நேராக வராமல் கடந்தாலும் அப்படியே. மிக நெருங்கி, பொருந்தாத கோணத்தில் கடந்தால் ஒரே கடத்தலில் இருமுறை ஒட்டிப் பிரிவதும் உண்டு. ஆகவே, நெருக்கமாக வைத்தால் நல்லது என்பது பாதி உண்மைதான். கையேட்டில் சொன்ன சில மில்லிமீட்டர் இடைவெளியை வைத்து, காந்தத்தை ஆரக்கம்பியில் இறுக்கி, சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். அப்போது எண் நிலையாக இருந்து, சாலையில் மட்டும் ஆடினால், அதிர்வில் ஏதோ ஒன்று தளர்கிறது.

கம்பியில்லாத பழைய வகைக் கருவி என்றால் இன்னொரு சந்தேகம் எழும். அவற்றின் சைகையில் இது யாருடைய சென்சார் என்ற அடையாளம் எதுவும் கிடையாது. பக்கத்தில் வருபவரின் சென்சார், உயர் அழுத்த மின்கம்பி, கைப்பிடியில் பொருத்திய எல்.இ.டி. விளக்கின் மின்சுற்று ஆகியவற்றில் எதையும் அது சைகையாக எடுத்துக்கொள்ளக்கூடும். விளக்கை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் எண் அடங்கினால் விளக்கைத் தள்ளி வைத்தால் போதும். புளூடூத் அல்லது ஆன்ட் பிளஸ் முறையில் இயங்கும் சென்சார்கள் தம் அடையாள எண்ணோடு பேசுவதால் இந்தத் தொல்லை அவற்றில் இல்லை. எதையும் கழற்றுவதற்கு முன் சென்சாரின் பேட்டரியை மாற்றிப் பார்ப்பதும் வீண் வேலை அல்ல.

கேள்வி: காந்தம், சென்சார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தையே நம்பலாமா? மலைச் சாலையில் அது குறைத்துக் காட்டுவது சரிவினால்தானா?

பதில்: திறந்த வெளியில், நேரான சாலையில், சீரான வேகத்தில் செல்லும்போது ஜி.பி.எஸ். வேகம் நன்றாகவே இருக்கும். செயற்கைக்கோள் அலைகளின் அதிர்வெண் மாறுவதிலிருந்தே வேகத்தைக் கணக்கிட முடிவதுதான் அதற்குக் காரணம். தூரம் வேறு விஷயம். திறந்த வானத்தின் கீழ் கைபேசி நம் இடத்தைச் சொல்வதில் வழக்கமாக 5 மீட்டர் வரை விலகும். அந்தப் புள்ளிகளைக் கோடாக இணைத்தே தூரம் கூட்டப்படுவதால், கொண்டையூசி வளைவுகள் குறுக்கே வெட்டப்பட்டுத் தூரம் குறையும். மரங்களுக்கும் உயர்ந்த கட்டடங்களுக்கும் இடையே புள்ளிகள் சிதறித் தூரம் கூடும். மலையில் உங்களுக்குக் குறைவதற்கு அந்த வளைவுகளே காரணமாக இருக்கும். சரிவின் பங்கு அற்பமானது: 10 சதவீத ஏற்றத்தில்கூடச் சாலையின் நீளத்துக்கும் அதன் கிடைத்தள நீளத்துக்கும் உள்ள வேறுபாடு அரை சதவீதம்தான்.

சுரங்கப்பாதைக்குள் ஜி.பி.எஸ். தடுமாறும், வீட்டுக்குள் நிலைத்து நிற்கும் பயிற்சிச் சட்டத்தில் பூச்சியத்தையே காட்டும். நின்ற நிலையிலிருந்து புறப்படும்போதும் சற்றுப் பின்தங்கும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், சுற்றளவைச் சரியாகப் பதிந்த சக்கரச் சென்சாரே என் தேர்வு. பயிற்சிச் சட்டத்தில் ஓட்டுபவர் அதைப் பின்சக்கரத்தில் பொருத்த வேண்டும்; அங்கே முன்சக்கரம் சுற்றுவதில்லை.

கேள்வி: என் கருவியும் கைபேசியும் ஒரே தூரத்தைக் காட்டுகின்றன, ஆனால் சராசரி வேகம் மட்டும் 20 என்றும் 17 என்றும் மாறுபடுகிறது. எது பொய்?

பதில்: இரண்டும் மெய். 20 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட்டி, வழியில் 10 நிமிடம் நின்றிருந்தால், ஓடிய நேரத்தை மட்டும் எண்ணும் கருவி 20 என்று காட்டும். நின்ற நேரத்தையும் எண்ணுவது 17.1 என்று காட்டும். தானாக நிறுத்தும் வசதி ஒன்றில் இயங்கி, மற்றதில் அணைந்திருக்கிறது. அமைப்பில் இரண்டையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுங்கள்.