அப்பாவிடம் சொன்ன பொய்

கேள்வி: என் தம்பி விபத்தில் இறந்தபோது, அப்பா இதய அறுவை சிகிச்சை முடிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். "சின்னவன் ஏன் வரல?" என்று கேட்டார். வேலையாக வெளியூர் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். வீடு திரும்பிய பிறகும் உண்மையைச் சொல்லவில்லை. எந்தப் பொய்யும் பாவம்தான் என்கிறார் ஜெபக்குழுவில் ஓர் அக்கா. குழந்தைகளைக் காப்பாற்ற, பைபிளில் எகிப்தில் இருந்த மருத்துவச்சிகளே பொய் சொன்னார்களே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அது சரியா?

பதில்: சகோதரி, தம்பியைப் பறிகொடுத்துவிட்டு அப்பா முன்னால் அழக்கூட முடியாமல் இருக்கிறீர்கள். அந்தப் பாரத்தை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

உங்கள் கேள்வியை ஏறக்குறைய இப்படியே பழங்காலத் திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் எழுதி வைத்திருக்கிறார். சுமார் கி.பி. 420-ல் அவர் எழுதிய 'பொய்க்கு எதிராக' என்ற நூலில் ஒரு நோயாளி வருகிறார். உயிர் ஊசலாடுகிறது. மகன் இறந்தது தெரியாமல், பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்கிறார். இருக்கிறான், இறந்துவிட்டான், தெரியாது என மூன்று பதில்கள்தான் உண்டு, அதில் இரண்டு பொய் என்கிறார் அகுஸ்தீன். உண்மையைக் கேட்டு அவர் இறந்துபோனால், சொன்னவன்தான் கொன்றான் என்று ஊர் பேசும் என்பதையும் எழுதுகிறார். இந்த இடத்தில் தன் மனம் கலங்குவதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் பொய் கூடாது என்றே முடிக்கிறார். ஆக, அந்த அக்கா சொல்வதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் எல்லாப் பொய்யும் ஒரே எடை என்று அகுஸ்தீன் சொன்னதில்லை. பொய்களை எட்டு வகையாகப் பிரித்து, யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஒருவரைக் காப்பாற்றச் சொல்வதை இலேசானவற்றில்தான் வைத்தார். அன்று நீங்கள் சொன்னதை நினைத்து உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம்.

மருத்துவச்சிகள் விஷயத்துக்கு வருவோம். சிப்பிராள், பூவாள் என்ற அந்த இருவரும் பதில் சொன்னது, எபிரெயரின் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன எகிப்து மன்னன் பார்வோனுக்கு. உங்கள் அப்பா பார்வோன் இல்லையே! நாஜிகளால் 1943-ல் கைதான ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், சிறையில் உண்மை பேசுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கினார். அதில் ஓர் ஆசிரியர், வகுப்பு முழுக்கக் கேட்க, "உன் அப்பா அடிக்கடி குடித்துவிட்டு வருவாரா?" என்று ஒரு சிறுவனைக் கேட்கிறார். உண்மைதான், ஆனால் அவன் இல்லை என்கிறான். அதைக் கேட்க ஆசிரியருக்கு உரிமையில்லை, குற்றம் அவருடையது என்கிறார் போன்ஹோஃபர். உங்கள் அப்பா கேட்பதோ தன் பிள்ளையைப் பற்றி. அவரைவிட உரிமை யாருக்கு இருக்கிறது?

அதனால் இனியும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் டாக்டரிடம் பேசி, அப்பாவின் உடம்பு தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் சில நாள் பொறுக்கச் சொன்னால் பொறுங்கள். ஆனால் 'போன் பண்ணினான், அடுத்த வாரம் வருவான்' என்று புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். மறைப்பது வேறு, பொய் சொல்வது வேறு என்பதை அகுஸ்தீனும் ஒப்புக்கொள்கிறார். சொல்லும் நாளில் அப்பா நம்பும் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சுற்றி வளைக்காமல், "சின்னவன் நம்மள விட்டுப் போயிட்டான்ப்பா" என்று சொல்லிவிடுங்கள். ஏன் மறைத்தாய் என்று கோபப்படுவார், படட்டும். அடக்கம் எப்போது நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று கேட்பார். எதையும் மழுப்பாமல் சொல்லுங்கள்.