மைக்கைக் கொடுக்கும் முன்

கேள்வி: அடுத்த மாதம் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாங்கல்யாணம். மாலையில் எங்கள் வீட்டு வளவில் (நடுமுற்றத்தில்) ஸ்டாண்ட்-அப் காமெடி வைக்கலாம் என்கிறான் தம்பி. உறவில் ஒரு வீட்டில் அப்படிப் பேச வந்தவர் நம்மவர்களின் வட்டி, கஞ்சத்தனம் என்று பேசப்போய், பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்படி ஆகாமலிருக்க என்ன செய்யலாம்?
– வாசகி, காரைக்குடி

பதில்: வட்டி ஜோக் நம் பக்கத்தில் புண்படுத்துவதைவிடச் சலிப்பூட்டுவதே அதிகம். நிஜமாகவே ஆளை எழுப்பிவிடுபவை வேறு. பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) வீட்டில் ‘சொந்தப் பிள்ளை’ பேச்சு, பெண்ணுக்குச் சீராகப் பரப்பிய சாமானை எண்ணிக் காட்டுவது, யாருடைய சாதியையாவது இழுப்பது. வெளியூர்க்காரருக்கு இதில் பாதி தெரியாது. முன்பணம் கொடுக்கும்போதே, தொடக்கூடாத நாலைந்து விஷயங்களைப் பேர் சொல்லிச் சொல்லிவிடுங்கள். ‘பார்த்துப் பேசுங்க’ என்றால் அவர் கெட்ட வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பேசுவார். குடும்ப விழாவில் அவர் பேசிய வீடியோ ஒன்றை வெட்டாமல் வாங்கிப் பாருங்கள். ரீல்ஸில் சிரித்த இடம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்தது இடம். வளவு வேண்டாம். மேலே திறந்த வானம், சிரிப்பு அப்படியே மேலே போய்விடும். தூணுக்குத் தூண் ஆள் சிதறி உட்கார்ந்தால் ஒருவர் சிரிப்பது இன்னொருவர் காதில் விழாது. முதல் இரண்டு மூன்று நிமிடம் அரங்கம் சும்மா இருந்தால் மைக் பிடித்தவருக்கு வியர்க்கத் தொடங்கும். எழுதி வந்ததை விட்டுவிட்டு முன்வரிசைக்குத் தாவுவார். “அண்ணே, எத்தனை மாசம்?” என்று யாருடைய தொப்பையையாவது காட்டுவார். வம்பான பேச்சு பலமுறை இந்தப் பதற்றத்தில்தான் பிறக்கிறது, கெட்ட எண்ணத்தில் அல்ல.

ஆகவே கூரையுள்ள ஹாலில், நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, மேடைக்கும் முதல் வரிசைக்கும் ஆறடிக்கு மேல் இடைவெளி விடாமல் வையுங்கள். இருபது நிமிடம் தாராளம். பந்திக்கு இலை போடுமுன் முடிந்துவிட வேண்டும். சாம்பார் வாசனை வந்தபின் யாரும் சிரிக்க மாட்டார்கள். மரியாதைக்குரியவர்களுக்கு முன்வரிசை என்பது நம் வழக்கம். இதற்கு மட்டும் ஆயாவையும் சம்பந்தி வீட்டாரையும் மூன்றாவது வரிசைக்கு மாற்றி, முன்னால் கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். யாரிடம் பேச்சுக் கொடுக்கலாம் என்று இரண்டு மூன்று பேரை, அவர்கள் சம்மதத்தோடு, முன்கூட்டியே காட்டிவிடுங்கள்.

சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமன்றம் கேட்டுப் பழகிய காது. அங்கே பேச்சு எல்லை தாண்டினால் இழுத்துப் பிடிக்க நடுவர் உண்டு, மணி உண்டு. ஸ்டாண்ட்-அப்பில் இரண்டும் கிடையாது. பின்வரிசையிலிருந்து செல்போன் விளக்கைக் காட்டினால் பேச்சை மாற்ற வேண்டும் என்று முன்பே பேசிவைத்து, அதற்கு ஓர் ஆளை நிறுத்துங்கள்.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் ஸ்டாண்ட்-அப் கலைஞர் ஒரு பெண்ணின் நிறத்தை வைத்து ஜோக் அடித்தார். எல்லாரும் சிரித்தோம், அந்தப் பெண்ணும்தான். பிறகு ஏன் அந்தப் பெண்ணின் வீட்டார் கோபப்படுகிறார்கள்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூட்டத்தில் சிரித்ததை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியாது. தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் மனிதர் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டவர் உளவியலாளர் ராபர்ட் ப்ரொவைன். அந்தப் பெண்ணின் சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்திருக்கும். உதடு விரிந்திருக்கும், கை முந்தானையை இழுத்திருக்கும், கண் பக்கத்தில் இருப்பவரைத் தேடியிருக்கும். வரம்பு மீற வேண்டும், அதே சமயம் யாருக்கும் தீங்கில்லை என்றும் தோன்ற வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் நகைச்சுவை என்று 2010-ல் ஆய்வாளர்கள் மெக்ராவும் வாரனும் விளக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிறத்தைச் சொன்னால் அந்த இரண்டாம் பாதி அவளுக்குக் கிடைக்காது.

அந்த நேரத்தில் கத்தாதீர்கள், அது மேடையில் இருப்பவருக்கு அடுத்த ஜோக். மேடை ஏறுவது அதைவிட மோசம். 2022 ஆஸ்கர் விழாவில் தன் மனைவியின் மொட்டைத் தலையைக் கேலி செய்த காமெடியன் கிறிஸ் ராக்கை நடிகர் வில் ஸ்மித் அறைந்தார்; 10 ஆண்டுத் தடை வந்தது அறைந்தவருக்கு. அதற்குச் சற்று முன் அவரும் சிரித்தது கேமராவில் இருக்கிறது. சிரிக்காமல் உட்கார்ந்திருங்கள், பத்துப் பேர் அப்படி இருந்தால் மேடைக்கு உடனே தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் கலைஞரை அந்தப் பெண்ணிடம் தனியாக அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வையுங்கள். ‘புண்பட்டிருந்தால்’ என்ற சொல் அதில் வரக்கூடாது. அந்த வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாமலிருப்பது உங்கள் பங்கு.

கேள்வி: இதற்கெல்லாம் போலீசில் புகார் கொடுக்க முடியுமா?
– வாசகர், புதுவயல்

பதில்: ரசக்குறைவு குற்றமல்ல. மத உணர்வைத் திட்டமிட்டு, தீய நோக்கத்துடன் புண்படுத்தினால் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவு, 3 ஆண்டு வரை சிறை. பட்டியல் சாதியினரை, பழங்குடியினரைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. மாற்றுத் திறனாளிகளுக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92-வது பிரிவு. புகார் கொடுப்பதானால் முழு வீடியோவையும் வைத்திருங்கள். வெட்டிய துண்டு எதிர்த்தரப்புக்குத்தான் உதவும்.