கிராம சபையில் பேசினீர்கள், சரி. தீர்மானத்தில் ஏறியதா?

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்:

"வணக்கம் ஐயா. எங்கள் ஊராட்சியில் கடைசியாக இருக்கிற குக்கிராமம் எங்களுடையது, 64 வீடு. தெருக்குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிசு, மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். பிள்ளைகள் பல்லெல்லாம் பழுப்பாகக் கறை விழுந்திருக்கிறது. மூன்று கிராம சபையில் எழுந்து சொல்லிவிட்டோம். 'எழுதிக்கிட்டோம்மா, பார்க்கலாம்' என்றார்கள், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர் என்கிறார்கள். யாரிடம் போவது, என்ன எழுதுவது?"

அம்மா, மூன்று முறை எழுந்து பேசியதே பெரிய விஷயம். ஆனால் நீங்கள் பேசியது தீர்மானப் பதிவேட்டில் எந்த வார்த்தைகளில் ஏறியது என்று பார்த்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஒன்றிய அலுவலக வேலையில் இருந்தபோது பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பும் ஆளாக, பல கிராம சபைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஊரில் பெண்கள் அரை மணி நேரம் தண்ணீருக்காகப் பேசினார்கள், ஒரு பாட்டி காலிக் குடத்தையே தூக்கி வந்து மேசை முன்னால் வைத்தார். கடைசியில் புத்தகத்தில் ஏறியது ஒரே வரி: "குடிநீர் வசதி மேம்படுத்தக் கோரப்பட்டது." எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை வீடு, தொட்டியா பைப்பா மோட்டாரா, ஒன்றுமே அதில் இல்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த இன்ஜினியரும் எஸ்டிமேட் போட முடியாது, எஸ்டிமேட் இல்லாமல் நிர்வாக அனுமதி கிடையாது, அனுமதி இல்லாமல் ஒரு அடி பைப் கூட ஊருக்குள் வராது. உங்கள் ஊரிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதனால் முதல் வேலை, நீங்கள் பேசிய மூன்று கூட்டங்களின் தீர்மான நகலை வாங்குவது. ஊராட்சிச் செயலரிடம், நீங்கள் கிளர்க் என்று சொல்வீர்கள், அவரிடம் நேராகக் கேளுங்கள். நல்லவராக இருந்தால் புத்தகத்தையே காட்டுவார், செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், வக்கீல் வேண்டாம். "இன்ன இன்ன தேதியில் நடந்த கிராம சபைகளின் தீர்மானப் பக்கங்களின் நகலும், கலந்துகொண்டவர்கள் எண்ணிக்கையும் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். ஏன் செய்யவில்லை, யார் பொறுப்பு என்றெல்லாம் அதில் கேட்க வேண்டாம். அது காரணம் கேட்பதாகிவிடும், பதில் சொல்லாமல் தட்டிக் கழிக்க வழி கிடைத்துவிடும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.

யாரைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அதில் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் உண்டு. அப்போது வந்தவர்களின் ஐந்து வருடம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது, அதன்பின் நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது. ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் வேறு யாரோ புதிய ஆள் இல்லை, உங்கள் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ.தான். ஆனால் ஒன்றிய அலுவலகத்தில் பி.டி.ஓ. இரண்டு பேர் இருப்பார்கள், இதில்தான் நிறையப் பேர் அலைகிறார்கள். ஒருவர் வட்டார ஊராட்சி, இன்னொருவர் கிராம ஊராட்சி. உங்கள் மனு போக வேண்டியது "வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி)" என்ற பெயருக்கு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டால் மனு மேசை மேசையாகச் சுற்றும். தேர்தல் வந்து புதுத் தலைவர் உட்கார்ந்தாலும் கீழே சொல்லும் முறையில் பெரிய மாற்றம் இல்லை, முகவரி மட்டும் மாறும்.

மனு எழுதுவதற்கு முன் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரே ஃப்ளோரோசிஸ் பாதிப்புத் தணிப்புத் திட்டம் என்று முடியும். தண்ணீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அளவுக்கு மீறி இருந்தால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்புதான் ஃப்ளோரோசிஸ், உங்கள் பிள்ளைகள் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். நம் இரண்டு மாவட்டங்களிலும் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதற்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கொண்டுவந்தது, 2008-ல் அடிக்கல் போட்டு 2013-ல் தண்ணீர் விட்டார்கள். காவிரி ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்து மேலே ஏற்றி, பெரிய பைப்பில் ஊராட்சி வரை கொண்டுவந்து சேர்ப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. அங்கிருந்து உங்கள் மேல்தொட்டிக்கு ஏற்றி, வால்வு திருப்பி, தெருவுக்கு விடுவது ஊராட்சியின் பொறுப்பு. ஊராட்சியைக் கேட்டால் வாரியத் தண்ணீர் வரவில்லை என்பார்கள், வாரியத்தைக் கேட்டால் நாங்கள் விட்டுவிட்டோம் என்பார்கள், நடுவில் நீங்கள் குடத்தோடு நிற்பீர்கள். அதனால் பதினைந்து நாள் ஒரு நோட்டுப் போடுங்கள். ஊராட்சியின் பெரிய தொட்டிக்கு ஒகேனக்கல் தண்ணீர் எந்தெந்த நாள் வந்தது, எத்தனை மணி நேரம் ஏறியது, உங்கள் தெருவில் எந்த நாள் எத்தனை மணிக்குத் திறந்தார்கள், ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் கிடைத்தது. டேங்க் ஆபரேட்டரிடம் சண்டை போடாமல் பேசுங்கள், அந்த ஊராட்சியின் தண்ணீர் முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான், சம்பளமும் அவருக்குக் கொஞ்சம்தான். அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: போர் தண்ணீரும் ஒகேனக்கல் தண்ணீரும் ஒரே தொட்டியில் ஏறுகிறதா? பல ஊரில் அப்படித்தான் கலந்து விடுகிறார்கள். குடிக்க ஒன்று, புழங்க ஒன்று என்று தொட்டியைப் பிரிக்காதவரை ஃப்ளோரைடு குழாய் வழியாகவே வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும்.

அப்புறம் தண்ணீர்ப் பரிசோதனை, இதைத் தள்ளிப்போட வேண்டாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள். போர் குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று தடவை அலசி, நிரப்பி, எந்தக் குழாய், என்ன தேதி என்று ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அது குடிக்கும் தண்ணீர் இல்லை. "எங்கள் தண்ணீர் கெட்டது" என்று நூறு தடவை சொல்வதும், "இந்தப் போரில் இவ்வளவு ஃப்ளோரைடு, இதோ ரிப்போர்ட்" என்று ஒரு தாளை மேசையில் வைப்பதும் ஒன்றில்லை அம்மா. அந்தத் தாளைப் பார்த்த பிறகு எந்த அதிகாரியும் தெரியாது என்று சொல்ல முடியாது.

இப்போது மனு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படி எழுதுவேன்: "எங்கள் குக்கிராமத்தில் 64 குடும்பங்களில் 270 பேர் வசிக்கிறோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் வீதம் 14,850 லிட்டர் குடிநீர் தேவை. கடந்த 15 நாளில் 3 நாள் மட்டுமே ஒகேனக்கல் குடிநீர் வந்தது, நாட்குறிப்பு இணைப்பு 1. மற்ற நாளில் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரின் பரிசோதனை அறிக்கை இணைப்பு 2. எனவே எங்கள் குக்கிராமத்துக்கு ஒகேனக்கல் குடிநீருக்கென்று தனி மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டவும், பெரிய தொட்டியிலிருந்து அதற்குத் தனிக் குழாய் அமைக்கவும், அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் முறைவைத்து வால்வு திறக்கவும், இந்தக் கிராம சபை தீர்மானிக்க வேண்டுகிறோம்." ஆள் கணக்கு, நாள் கணக்கு உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த 55 லிட்டர் நான் நினைத்துப் போட்டதில்லை, ஜல் ஜீவன் என்ற மத்திய அரசின் குடிநீர்த் திட்டத்தில் அரசே வைத்திருக்கும் அளவு. கடைசியில் கேட்டிருக்கும் வால்வு விஷயத்துக்குப் பணமே வேண்டாம், ஒரு உத்தரவு போதும், அதனால் அதை முதலில் வாங்கிவிடலாம். தொட்டிக்கு நாள் பிடிக்கும்.

இந்த மனுவைக் கூட்டத்தன்று கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னால் அறிவிப்பு ஒட்ட வேண்டும், கூட்டப்பொருளும் அதோடு வரும். அதற்கும் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து இன்னொரு நகலில் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். முத்திரை போட மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்டில் பி.டி.ஓ.வுக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு கிராம சபை இருக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று தண்ணீர்ப் பேச்சு பொருத்தமாக இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் அக்டோபர் 2-ஐ விடவே கூடாது. அடுத்த வருடத்துக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு வேலைகளைச் சேர்ப்பது அந்தச் சமயத்தில்தான். திட்டத்தில் பெயர் ஏறாத வேலைக்குப் பிற்பாடு நிதி இல்லை என்று சொல்வது சுலபம்.

ஆள் சேர்ப்பதையும் இப்போதே யோசியுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கிராம சபை செல்லும். நம் பக்கம் பாதி ஊர் பெங்களூரிலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்க் கிடக்கிறது, இந்த எண்ணிக்கை சாதாரணமாகச் சேராது. மகளிர் குழுவில் பேசி வீட்டுக்கு ஒருவர் என்று வந்தாலே உங்கள் குக்கிராமத்திலிருந்து 64 பேர். அந்த 64 பேர் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். பொதுவாக மேலிருந்து வந்த பொருள்களைப் படித்து முடித்ததும் பாதிக் கூட்டம் கலைந்துவிடும், ஊர்க் கோரிக்கைகள் அதற்குப் பிறகுதான் எழுதப்படும். உங்கள் தீர்மானத்தை எழுதி முடித்ததும் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். "14,850 லிட்டர்", "தனித் தொட்டி", "தனிக் குழாய்" எல்லாம் அதில் இருக்கிறதா என்று கேட்டு, விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கோபம் வரும், வரட்டும், ஆனால் அந்தப் பத்து நிமிடம் மட்டும் பொறுமையாக இருங்கள்.

தீர்மானம் கையில் வந்ததும் ஒரு வாரத்தில் ஒன்றிய அலுவலகத்தில் உதவிப் பொறியாளரையும் ஓவர்சியரையும் பார்த்து, எப்போது இடம் பார்க்க வருவார்கள் என்று கேளுங்கள். தொட்டிக்கு இடம் வேண்டும், அது புறம்போக்கா, பட்டாவா என்பதில் வேலை மாசக்கணக்கில் நிற்கும், ஆகவே சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் முன்பே கேட்டு வைத்திருங்கள். பணம் இல்லை என்றுதான் முதல் பதில் வரும். மத்திய அரசுப் பணத்தைப் பங்கிட்டுச் சொல்லும் 15-ஆவது நிதிக்குழு, 2025-26 வரையிலான தன் காலத்தில், ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிப் போட்டது. அந்தத் தலைப்பில் உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற கணக்கைக் கிராம சபையிலேயே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம், ஊரில் காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் எடுத்துக் கொடுக்கும்.

ஒன்றியத்தில் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு கலெக்டருடையது. ஆனால் அங்கே கொடுக்கிற மனு சுற்றி அதே பி.டி.ஓ. மேசைக்குத்தான் திரும்பி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். வெறும் மனுவாகப் போனால் "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வரும், அதோடு முடிந்தது. தீர்மான நகல், பரிசோதனை அறிக்கை, பதினைந்து நாள் நோட்டு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பதில் எழுதுவது அவர்களுக்குக் கஷ்டம். வீட்டிலிருந்தே சொல்ல வேண்டுமென்றால் முதல்வரின் குறைதீர்ப்பு உதவி எண் 1100-க்குப் போன் செய்யலாம். அதிலும் தீர்மான எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

தொட்டி வரும்வரை வீட்டில் ஒரு விஷயம். தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது, வற்ற வற்ற அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் அதைப் பிடிக்காது. ஒகேனக்கல் தண்ணீர் வருகிற அன்று பிடிப்பதைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மூடி வைத்துக்கொள்ளுங்கள், போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க, மாட்டுத் தொட்டி கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு விழுந்த கறை தானாகப் போகாது, அதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயது வரைதான் ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் காலம், கறை ஏறுவதும் அப்போதுதான். ஊரில் இப்போது கைக்குழந்தையாக இருப்பவை, ரெண்டு மூணு வயசில் ஓடித் திரிபவை எல்லாவற்றுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. வருகிற நல்ல தண்ணீர் முதலில் அவற்றுக்கு. பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் அதில் ஃப்ளோரைடு என்று போட்டிருக்கும் எண்ணை எனக்கு எழுதுங்கள் அம்மா, மனுவில் அதை எங்கே எப்படிப் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.