குளிர்ந்துகொண்டே கரையும் உப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செய்முறை வகுப்பில் நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடைத் தண்ணீரில் போட்டதும் சோதனைக் குழாய் சில்லிட்டுப்போனது. வெப்பத்தை வெளிவிட்டு ஆற்றல் குறைந்த நிலைக்குப் போகும் வினைதான் தானாக நிகழும் என்று நினைத்திருந்தேன். வெப்பத்தை உறிஞ்சும் இந்த உப்பு ஏன் தானாகக் கரைகிறது?
– பதினொன்றாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பதில்: குழாயின் வெளிப்புறத்தில் மெல்லிய ஈரம் படிந்திருந்ததா என்று அடுத்த முறை பாருங்கள். கரைசல் தன்னைச் சுற்றியுள்ள கண்ணாடியையும் காற்றையும் குளிரச் செய்வதால் காற்றிலுள்ள நீராவி அங்கே துளியாகப் படிகிறது. உங்களுக்கு வந்த எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கின் தாம்சனுக்கும் பிரான்சின் பெர்த்தெலோவுக்கும் இருந்தது. ஒரு வினை எவ்வளவு வெப்பத்தை வெளிவிடுகிறது என்பதே அது நிகழ்வதற்கான நாட்டத்தின் அளவு என்று அவர்கள் கருதினார்கள். அறை வெப்பநிலையில் பல வினைகள் அந்தக் கருத்துக்கு ஒத்துப்போனதால் அது சில காலம் நிலைத்தும் நின்றது.

ஆனால் ஆற்றல் எங்கும் அழிவதில்லை. குழாய் இழப்பதைச் சுற்றுப்புறம் பெறுகிறது, சுற்றுப்புறம் இழப்பதைக் குழாய் பெறுகிறது. கூட்டுத்தொகை மாறாத ஒன்றை வைத்து வினையின் திசையை எப்படிச் சொல்ல முடியும்? திசையைச் சொல்வது 1865-இல் கிளாசியஸ் பெயர் சூட்டிய என்ட்ரோபி. இதை ‘ஒழுங்கின்மை’ என்ற ஒரே சொல்லோடு மனப்பாடம் செய்வது மாணவர்களுக்கு நன்மை செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. துகள்களும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதங்களில் பங்கிடப்பட முடியும் என்பதன் அளவே என்ட்ரோபி என்று பிடித்துக்கொண்டால் பிறகு வரும் பாடங்களில் குழப்பம் இராது.

இப்போது உங்கள் குழாய்க்கு வருவோம். திட்ட நிலையில், 298 கெல்வினில் (25 டிகிரி செல்சியஸ்) ஒரு மோல் நவச்சாரம் கரையும்போது, படிகத்தில் அடைபட்டிருந்த அயனிகள் நீரெங்கும் பரவுவதால் அமைப்பின் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 75 ஜூல் கூடுகிறது. அதே நேரம் சுற்றுப்புறம் சுமார் 14.7 கிலோஜூல் வெப்பத்தை இழக்கிறது. இழந்த வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால், அதாவது 14,700 ஜூலை 298-ஆல் வகுத்தால், சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 49 ஜூல் குறைகிறது என்று தெரியும். வரவு 75, செலவு 49, மிச்சம் 26. மொத்த என்ட்ரோபி கூடுவதால் உப்பு கரைகிறது.

ஒவ்வொரு முறையும் சுற்றுப்புறத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவது சிரமம். அதைத் தவிர்க்கும் வழியை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிப்ஸ் 1870-களில் காட்டினார். மாறாத வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், என்தால்பி மாற்றத்திலிருந்து (வினை உறிஞ்சும் வெப்பத்திலிருந்து), வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றத்தைக் கழித்தால் கட்டிலா ஆற்றல் மாற்றம் கிடைக்கும். நவச்சாரத்துக்கு அது 14.7-இலிருந்து 22.4-ஐக் கழிக்க, மோலுக்கு −7.7 கிலோஜூல். மேலே கண்ட மிச்சம் 26-ஐ 298-ஆல் பெருக்கிக் குறியை மாற்றிப் பாருங்கள், ஏறக்குறைய அதே எண் வரும். ஆகவே கட்டிலா ஆற்றல் குறைகிறது என்பதும் மொத்த என்ட்ரோபி கூடுகிறது என்பதும் ஒரே செய்திதான்.

கேள்வி: சுண்ணாம்புக்கல் சாதாரணமாகச் சிதைவதில்லை, காளவாயில் மட்டும் சிதைகிறது. ஒரே வினை ஓரிடத்தில் சாதகமாகவும் இன்னோரிடத்தில் பாதகமாகவும் இருக்க முடியுமா?
– வாசகர், அரியலூர்

பதில்: முடியும். கால்சியம் கார்பனேட்டு சிதைய மோலுக்குச் சுமார் 178 கிலோஜூல் வெப்பம் தேவை. கார்பன் டை ஆக்சைடு வாயுவாக விடுபடுவதால் என்ட்ரோபி கெல்வினுக்குச் சுமார் 160 ஜூல் கூடுகிறது. அறை வெப்பநிலையில் இரண்டாம் உறுப்பு, அதாவது வெப்பநிலையால் பெருக்கிய என்ட்ரோபி மாற்றம், 48 கிலோஜூல்தான் என்பதால் கட்டிலா ஆற்றல் மாற்றம் +130 கிலோஜூல் ஆகிறது, கல் கல்லாகவே கிடக்கிறது. வெப்பநிலை ஏற ஏற இரண்டாம் உறுப்பு வளர்ந்து, சுமார் 1110 கெல்வினில், அதாவது ஏறத்தாழ 840 டிகிரி செல்சியஸில், முதல் உறுப்பை எட்டிப் பிடிக்கிறது. (178-ஐ ஜூலாக மாற்றாமல் 160-ஆல் வகுத்து விடையைக் கோட்டை விடுபவர்கள் ஏராளம், அலகில் கவனம் வேண்டும்.) உண்மையில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை எட்டுவது 900 டிகிரிக்கு அருகில்தான், ஏனெனில் நாம் எடுத்துக்கொண்ட இரு எண்களும் வெப்பநிலையோடு சற்று மாறுகின்றன.

காளவாயின் வாய் திறந்திருப்பதற்கும் இதில் பங்குண்டு. வாயு வெளியேறிக்கொண்டே இருந்தால் அதன் பகுதி அழுத்தம் தாழ்ந்தே இருக்கும், வினையும் முன்னோக்கியே நகரும். மூடிய கலத்தில் சுட்டால் ஓரளவு சிதைந்ததும் சமநிலை வந்து நின்றுவிடும்.

அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றும்போது அது சீறிக் கொதித்துப் பூவாக உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அமைப்பின் என்ட்ரோபி சற்றுக் குறையவே செய்கிறது; ஆனால் மோலுக்குச் சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளியேறிச் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபியை அந்தக் குறைவைவிடப் பல மடங்கு கூடுதலாக உயர்த்திவிடுகிறது. நவச்சாரத்துக்கு நேர் எதிரான கணக்கு இது.

கேள்வி: வைரம் கிராஃபைட்டாக மாறுவது சாதகமான வினை என்றால் மோதிரத்து வைரம் ஏன் கரியாவதில்லை?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: அந்த மாற்றத்தில் கட்டிலா ஆற்றல் மோலுக்குச் சுமார் 2.9 கிலோஜூல் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் கட்டிலா ஆற்றல் திசையை மட்டுமே சொல்லும், வேகத்தைச் சொல்லாது. ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அண்டை அணுக்களோடு கொண்டுள்ள வலிய பிணைப்புகள் முறிந்து புதிதாக அமைந்தாக வேண்டும். அதற்கான கிளர்வு ஆற்றல், அதாவது வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, அறை வெப்பநிலையில் கிடைக்கும் ஆற்றலால் தாண்ட முடியாத அளவு பெரியது. காற்றில்லாத இடத்தில் 1500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதே வைரம் கிராஃபைட்டாக மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்.